ஐஸ் வைத்திருந்தால் அப்பாவின் மூளை தப்பியிருக்குமா?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். நோட்டுத் தாளில் முன்னும் பின்னுமாக, இடமில்லாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு 57 வயது, வாழை விவசாயம். பங்குனியில் ஒருநாள் விடியற்காலை தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர், நெஞ்சு கனமாக இருக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வாய்வாக இருக்கும் என்று அம்மா ஓமத்திரவம் கொடுத்தார், அப்புறம் ஒரு சோடா. இப்படியே முக்கால் மணி நேரம் போய்விட்டது. பிறகு சட்டையைப் பிழிகிற அளவுக்கு வியர்த்து, கண் செருகி, அப்படியே சாய்ந்துவிட்டார். மூச்சு இல்லை. ஆளாளுக்கு முகத்தில் தண்ணீர் தெளி, காலைத் தேய் என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க, கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாமில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து இந்தப் பெண் அப்பாவைத் தரையில் கிடத்தி நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்திருக்கிறார். 108 வரும்வரை விடவில்லை. வண்டியில் வந்தவர்கள் ஷாக் கொடுத்ததில் துடிப்பு திரும்பியது. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் நினைவு வரவில்லை, வென்டிலேட்டரில் இருந்தார். இரண்டாம் நாள் ராத்திரி 101 டிகிரி காய்ச்சல் வந்தது, மருந்து கொடுத்து, குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற விரிப்பு ஒன்றைப் போட்டுக் குறைத்தார்கள். மூன்றாம் நாள் சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் கண் திறந்தார்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. நடக்கிறார், சாப்பிடுகிறார், எல்லாரையும் தெரிகிறது. ஆனால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இல்லை, வாழைத்தார் விற்ற கணக்கு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து, முடியாமல் மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் மேல் எரிந்து விழுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, 'வெளிநாட்டில் இதயம் நின்றவர்களின் உடம்பை 33 டிகிரிக்குக் குளிரவைத்து மூளையைக் காப்பாற்றுகிறார்கள், காப்பீட்டு அட்டை என்பதால் அப்பாவுக்கு அதைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள், கேஸ் போட வேண்டும்' என்கிறார். பெரியப்பாவோ, வண்டியில் போகும்போது இந்தப் பெண் அப்பாவுக்குப் போர்வை போர்த்தியதால்தான் சூடு தலைக்கு ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். போதாததற்கு நெஞ்சை அழுத்தியதில் இரண்டு விலா எலும்பு முறிந்ததும் இந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது. இனி நெஞ்சுவலி வந்தால் வைப்பதற்கென்று அம்மா ஃப்ரீசர் நிறைய ஐஸ் பாக்கெட் அடுக்கிவைத்திருக்கிறாராம். சாரல் ஆரம்பித்ததும் அப்பாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் தலையைக் காட்டினால் மூளை தெளியும் என்பது பெரியப்பாவின் அடுத்த யோசனை. 'நான்தான் அப்பாவை இப்படி ஆக்கிவிட்டேனா டாக்டர்?' என்று கடைசி வரி.

இல்லை தங்கச்சி. உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஏன் இல்லை என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், அண்ணனுக்கும் பெரியப்பாவுக்கும் படித்துக் காட்ட வசதியாக இருக்கும்.

அப்பாவுக்கு நடந்தது இரண்டு

முதலில் வந்தது மாரடைப்பு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்றில் கட்டி அடைத்துவிட்டது. அதனால் இதயத் தசையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகவில்லை, மற்றபடி இதயம் அடித்துக்கொண்டுதான் இருந்தது, அப்பா பேசிக்கொண்டும் சோடா குடித்துக்கொண்டும் இருந்தார். இரண்டாவது நடந்தது இதயம் நின்றது. அடைப்பினால் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, அடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிட்டது, ரத்தம் எங்கேயும் போகவில்லை. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதென்றால், முதலாவது ஒரு பாத்திக்குப் போகிற வாய்க்காலில் அடைப்பு, இரண்டாவது மோட்டாரே நின்றுபோனது. மோட்டார் நின்றால் முதலில் வாடுவது மூளை. நான்கைந்து நிமிடம் ரத்தம் இல்லாவிட்டாலே மூளைச் செல்கள் சாக ஆரம்பிக்கும், அதிலும் புதிய ஞாபகங்களைப் பதிவு செய்கிற பகுதிதான் முதலில் அடிபடுகிறவற்றில் ஒன்று. உங்கள் அப்பா பழைய கதையெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு காலை டிபனை மறப்பது அதனால்தான்.

உடம்பைக் குளிரவைக்கிற சிகிச்சை இந்த இரண்டாவது விஷயத்துக்கானது. அதாவது இதயம் நின்று, திரும்ப ஓட ஆரம்பித்து, ஆனால் நினைவு திரும்பாமல் கிடக்கிறவர்களுக்கு. இதயம் நிற்காத வெறும் மாரடைப்புக்கும் இதைச் செய்துபார்க்காமல் இல்லை. பன்றிகளில் அடைப்பைத் திறக்கும் முன்பே குளிரவைத்தால் இதயத் தசை குறைவாகச் செத்ததைப் பார்த்துவிட்டு மனிதர்களிலும் முயன்றார்கள். 2014-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் 120 மாரடைப்பு நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்குக் குளிர்ந்த சலைனும் ரத்தக்குழாய்க்குள் குளிரூட்டும் குழாயும் கொடுத்துப் பார்த்தார்கள், தசை சேதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடைக்கவில்லை, அடைப்பைத் திறப்பதற்குத்தான் சில நிமிடங்கள் கூடுதலாக ஆனது. முழு நினைவோடு இருக்கிற மனுஷனைக் குளிரவைத்தால் அவர் நடுநடுங்குவார், நடுக்கம் ஆக்சிஜனைத் தின்னும், அடிபட்ட இதயத்துக்கு அது கூடுதல் பாரம். அதனால் மாரடைப்புக்கென்று உடம்பைக் குளிரவைப்பது வழக்கமான சிகிச்சை ஆகவே இல்லை, எந்த ஊரிலும்.

அண்ணன் சொல்கிற 33 டிகிரி

அண்ணன் சொல்வது முழுப் பொய்யில்லை, பழைய செய்தி.

2002-ல் ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வந்தன. இதயம் நின்று மீண்டு, நினைவில்லாமல் இருப்பவர்களை 32 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்து 12 அல்லது 24 மணி நேரம் வைத்திருந்தால் நல்ல நிலையில் எழுந்திருப்பவர்கள் கூடுகிறார்கள் என்பது முடிவு. ஐரோப்பிய ஆய்வில் குளிரவைத்தவர்களில் 55 சதவீதம் பேர் தேறினார்கள், குளிரவைக்காதவர்களில் 39 சதவீதம். நம் வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் 33 டிகிரி என்பது 91 சொச்சம், நல்ல உடம்புக்கு 98 என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு இறக்கம் என்று தெரியும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் குறையும்போதும் மூளையின் ஆக்சிஜன் தேவை சுமார் 6 சதவீதம் குறையும், ரத்தம் திரும்ப வந்த பிறகு சில நாள் மூளைக்குள் நடக்கிற வீக்கமும் சேதமும் மட்டுப்படும் என்பது தத்துவம். கேட்கவும் நன்றாக இருந்தது. உலகம் முழுக்க ஐ.சி.யூ.க்களில் இதைச் செய்ய ஆரம்பித்தார்கள்.

அப்புறம்தான் சந்தேகம் வந்தது. அந்த ஐரோப்பிய ஆய்வில் குளிரவைக்காமல் விட்டவர்களில் பலருக்குக் காய்ச்சல் அடித்திருந்தது. அப்படியானால் குளிர் காப்பாற்றியதா, இல்லை காய்ச்சல் கெடுத்ததா? 2013-ல் 939 பேரை வைத்து, பாதிப் பேரை 33 டிகிரியிலும் பாதிப் பேரை 36 டிகிரியிலும் வைத்துப் பார்த்தார்கள், இரண்டு பக்கமும் ஒரே முடிவு. 2021-ல் இன்னும் பெரிதாக, சுமார் 1,900 பேர். ஒரு பக்கம் 33 டிகிரி, இன்னொரு பக்கம் குளிரவைக்காமல் காய்ச்சல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்வது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் குளிரவைத்தவர்களில் 50 சதவீதம் பேரும், மற்றவர்களில் 48 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். தேறியவர்களின் மூளை நிலையிலும் வித்தியாசமில்லை. குளிரவைத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு ரத்த ஓட்டத்தையே பாதிக்கிற இதயத்துடிப்புக் கோளாறு வந்தது, மற்ற பக்கம் 17 சதவீதம். ஷாக் கொடுத்துத் திருப்ப முடியாத வகையில் இதயம் நின்றவர்களுக்கு 33 டிகிரி உதவலாம் என்று 2019-ல் ஒரு பிரெஞ்சு ஆய்வு சொன்னது, அந்த விவாதம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு ஷாக்கில் திரும்பிவிட்டது, ஆகவே அந்தக் கணக்கிலும் அவர் வரமாட்டார்.

இதற்கெல்லாம் பிறகு வழிகாட்டுதல்கள் மாறிவிட்டன. இப்போது அமெரிக்காவில் சொல்வது 32 முதல் 37.5 டிகிரிக்குள் ஏதாவது ஒரு அளவைத் தேர்ந்தெடுத்து அதில் நிலையாக வைத்திருங்கள் என்று. ஐரோப்பாவில் காய்ச்சலைத் தடுங்கள் என்பதற்குத்தான் அழுத்தம். உங்கள் கடிதத்தையே எடுத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்தது, உடனே மருந்து கொடுத்தார்கள், குளிர்ந்த விரிப்புப் போட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் 'செய்யவில்லை' என்று சொல்கிற காரியம் இன்றைய முறைப்படி நடந்திருக்கிறது. காப்பீட்டு அட்டைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம், கையிலிருந்து பணம் கட்டிப் படுத்திருந்தாலும் பெரும்பாலும் இதையேதான் செய்திருப்பார்கள்.

அண்ணன் பார்த்த வீடியோவில் பனிக்கட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்ட பெண் டாக்டரின் கதையும் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான். 1999-ல் நார்வேயில் ஆன்னா போகென்ஹோல்ம் என்ற டாக்டர் பனிச்சறுக்கு விளையாட்டின்போது உறைந்த ஓடைக்குள் விழுந்து 80 நிமிடம் கிடந்தார், உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியும் பிழைத்தார். அவருக்கு உடம்பு முதலில் குளிர்ந்தது, இதயம் பிறகுதான் நின்றது, அதனால் மூளை ஏற்கெனவே தூங்கப்போயிருந்தது. பங்குனி வெயிலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிற அம்பாசமுத்திரத்துத் திண்ணையில் இதயம் நின்ற மனிதரோடு அதை ஒப்பிட ஒன்றுமில்லை.

போர்வையும் விலா எலும்பும்

போர்வை விஷயத்தைப் பெரியப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். 2014-ல் அமெரிக்காவில் 1,300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு. துடிப்பு திரும்பிய உடனே ஆம்புலன்சுக்குள்ளேயே பாதிப் பேருக்குக் குளிர்ந்த சலைனை இரண்டு லிட்டர் வரை ஏற்றி, வேண்டுமென்றே உடம்பைக் குளிரவைத்தார்கள். மூளைக்கு ஒரு பலனும் இல்லை. நுரையீரலில் நீர் கோத்ததும், வழியிலேயே இதயம் மறுபடி நின்றதும்தான் அவர்களுக்கு அதிகம். பயிற்சி பெற்றவர்கள் மெனக்கெட்டு ஒரு டிகிரிக்கு மேல் இறக்கியே மூளையைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், நீங்கள் போர்த்திய ஒரு போர்வை அதைக் கெடுத்திருக்க வழியே இல்லை. இரண்டாம் நாள் வந்த காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இதயம் நின்று மீண்டவர்களுக்கு உடம்பு முழுக்க ஒரு அழற்சி கிளம்பும், மயங்கிக் கிடக்கையில் எச்சில் நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டும், காய்ச்சல் வரத்தான் செய்யும்.

விலா எலும்பு முறிந்தது நீங்கள் சரியாக அழுத்தினீர்கள் என்பதற்கு அடையாளம். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது நெஞ்சு அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை. 57 வயது நெஞ்சுக்கூட்டில் அந்த வேகத்தில் அழுத்தினால் எலும்பு முறிவது சாதாரணம், ஐ.சி.யூ.வில் நாங்கள் அழுத்தினாலும் முறியும். எலும்பு ஒன்றரை, இரண்டு மாதத்தில் கூடிவிடும். யாரும் நெஞ்சை அழுத்தாமல் விட்டிருந்தால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போயிருக்கும். உங்கள் கடிதத்தில் 108 வந்து சேர ஏறக்குறைய கால் மணி நேரம் ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் பெரியப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

மூன்றாம் நாள் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை, இது உங்களுக்கு இல்லை, படிக்கிற மற்றவர்களுக்கு. இதயம் நின்று மீண்டவர் கண் திறக்கவில்லை என்றால், இனி தேறுவாரா மாட்டாரா என்று முடிவு சொல்ல குறைந்தது 72 மணி நேரம் பொறுக்க வேண்டும், மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அது இறங்குகிற வரைக்கும் கூட. அதற்குப் பிறகும் கண்பாவை, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி., ஸ்கேன் என்று பலதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வோம், ஒன்றை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. நம் பக்கத்தில் இரண்டாம் நாளே பெரியவர்கள் கூடி 'வீட்டு மூச்சு வீட்டிலேயே போகட்டும்' என்று வண்டி பேசிவிடுகிறார்கள். செலவும் ஒரு காரணம், எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் உங்கள் அப்பா கண் திறந்தது ஐந்தாம் நாள்.

கேஸ் போடலாமா?

நான் வக்கீல் இல்லை, டாக்டர் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். காசு கொடுத்தோ காப்பீட்டிலோ சிகிச்சை பெற்றவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அது உரிமை. 2019-ஆம் வருடச் சட்டப்படி சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஆகவே இன்றைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் கவனக்குறைவு என்று நிரூபிக்க, 'இதைவிட நன்றாகச் செய்திருக்கலாம்' என்று காட்டினால் போதாது. அந்தத் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையை ஒரு டாக்டர் பின்பற்றியிருந்தால், வேறொரு முறையும் இருந்தது என்பதற்காக அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 33 டிகிரிக்குக் குளிரவைக்கவில்லை என்ற ஒரே புகாரை வைத்துக்கொண்டு போனால், எதிர்த்தரப்பு வக்கீல் 2021 ஆய்வை எடுத்து மேசையில் வைத்தால் முடிந்தது. அலைச்சலும் ஃபீஸும்தான் மிஞ்சும்.

அண்ணனுக்கு மனசு ஆறவில்லை என்றால் ஒன்று செய்யலாம். ஆஸ்பத்திரியில் சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்டு 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-லிருந்தே மருத்துவ கவுன்சில் விதி. வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள்: ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த நேரம், பலூன் போட்டு அடைப்பைத் திறந்த நேரம், நர்ஸ்கள் எழுதுகிற வெப்பநிலைச் சார்ட். காய்ச்சல் வந்த ராத்திரியில் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு மருந்து போனது, எப்போது இறங்கியது என்று அதில் இருக்கும். மணிக்கணக்கில் யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் அது கேட்கவேண்டிய கேள்வி. இல்லையென்றால் அந்தச் சார்ட்டைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிடுங்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தான் அப்போது பக்கத்தில் இல்லையே என்ற வேதனை இருக்கும், அது யார் மேலாவது கோபமாகத்தான் வெளியே வரும், அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

அப்பாவின் ஞாபகம்

இதயம் நின்று பிழைத்தவர்களில் நிறையப் பேருக்கு இப்படி மறதி, கவனம் நிலைக்காமை, சோர்வு, எரிச்சல் எல்லாம் இருக்கும். முதல் மூன்று மாதத்தில் வேகமாகத் தேறுவார்கள், அதற்கப்புறமும் ஒரு வருடம் வரை மெல்ல மெல்ல முன்னேற்றம் இருக்கும். முழுக்கப் பழையபடி ஆகிவிடுவார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் மூன்றாம் மாதத்தில் பார்ப்பதையே கடைசி நிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டதையே கேட்டால் 'இப்பத்தானே சொன்னேன்' என்று சொல்லாமல் பதில் சொல்லிவிடுங்கள். சுவரில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு அன்றைக்குத் தேதி, கிழமை, யார் வந்தார்கள், தோட்டத்தில் என்ன வேலை என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். கணக்கு நோட்டைப் பிடுங்கி வைக்காதீர்கள், ஒரு பக்கத்தை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து போடுங்கள். எரிந்து விழுவதும், ஒதுங்கி உட்கார்வதும் கூடிக்கொண்டே போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலேயே நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவும் இருக்கின்றன, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு நடை போய்வாருங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை மாத்திரைகள். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் அதோடு இன்னொரு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் பொதுவாக ஒரு வருடம் தவறாமல் போக வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். மறதி இருக்கிற மனிதரிடம் 'மாத்திரை போட்டாச்சா' என்று கேட்டால் போட்டாச்சு என்றுதான் சொல்வார், சில சமயம் இரண்டு தடவை போட்டிருப்பார். கிழமை எழுதிய மாத்திரை டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும், அதை வாங்கி வாரத்துக்கு ஒருமுறை நீங்களே அடுக்கி, கண் முன்னால் விழுங்கவையுங்கள். பல் பிடுங்கவோ வேறெதற்கோ யாராவது நிறுத்தச் சொன்னால் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் ஆகிவிட்டதால் ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்க்க வேண்டிய நேரம் இது. அந்த அளவு 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், துடிப்பு தாறுமாறானால் தானே ஷாக் கொடுக்கிற கருவி ஒன்றை உடம்புக்குள் பொருத்துவது பற்றிப் பேச வேண்டியிருக்கும். பைக் ஓட்டுவதையும் இரவில் தனியாக மோட்டார் போடப் போவதையும் அதுவரை நிறுத்திவையுங்கள்.

அம்மாவின் ஐஸ் பாக்கெட்

ஃப்ரீசரைக் காலி செய்யச் சொல்லுங்கள். நெஞ்சின் மேல் ஐஸ் வைத்தால் தோல்தான் மரத்துப்போகும், இதயத்தின் வெப்பம் மாறாது. திடீர்க் குளிர் பட்டால் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், அடைத்துக்கொண்டிருக்கிற இதயத்துக்கு அது இன்னும் கஷ்டம். எல்லாவற்றையும்விட, ஐஸ் எடுத்து, துணி சுற்றி, வைத்துப் பார்த்துக் காத்திருக்கிற நேரம் வீண். போன தடவை ஓமத்திரவத்திலும் சோடாவிலும் போன முக்கால் மணி நேரத்துக்கு அம்மாவைக் குறை சொல்லமாட்டேன், அது வாய்வு மாதிரியேதான் இருக்கும், எங்கள் ஊர்ப்பக்கம் நெஞ்சடைப்போடு வருகிற பாதிப் பேர் சோடா குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் அடுத்த தடவை அந்த நேரம் போகக் கூடாது.

நெஞ்சு கனம், தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி, குளிர்ந்த வியர்வை, இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்குள் உங்கள் இதய டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையைப் பக்கத்து வீட்டில் வாங்கி வைக்காதீர்கள், பி.பி. குறைவாக இருந்தால் ஆளைச் சாய்த்துவிடும். வண்டி வரத் தாமதமானால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை அங்கேயே வைத்திருக்கிறார்கள், கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆள் விழுந்து மூச்சு இல்லையென்றால் என்ன செய்வது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் தெருவிலும் இன்னும் இரண்டு பேருக்காவது அதைச் சொல்லிக்கொடுங்கள், நீங்கள் எப்போதும் வீட்டில் இருக்கப்போவதில்லை. வாயில் தண்ணீர் மட்டும் யாரும் ஊற்றக் கூடாது.

குற்றாலம் இந்த சீசனுக்கு வேண்டாம். மேலிருந்து விழுகிற குளிர்ந்த தண்ணீருக்கும் மறதிக்கும் சம்பந்தமில்லை, கூட்டத்தில் இடிபட்டு வழுக்கி விழுந்தால், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் ஒரு சின்ன அடியே பெரிய வம்பாகிவிடும். எக்கோ எடுத்த பிறகு உங்கள் டாக்டர் சரி என்றால் அடுத்த சாரலுக்குப் போகலாம். பெரியப்பா கேட்டால் பாளையங்கோட்டை டாக்டர் வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிவிடுங்கள், கோபம் வந்தால் அது என் மேல் வரட்டும்.